பிரதிமையின் பிரதிமை

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், முத்துக்குளித்துறையின் வாணிகத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்துக்கொள்ள வந்த டச்சுக்காரர்கள், திருச்செந்தூரில் முருகனுடைய படைவீட்டையே தங்கள் படைவீடாக்கிக்கொண்டு சில காலம் தங்கியிருந்து, விலகிப் போகும்போது சண்முகர், நடராசர் ஆகிய இரு திருமேனிகளைக் கப்பலில் ஏற்றிச் சென்றார்கள் என்பதும், கடலில் புயல் மூண்டபோது நடுங்கிப்போய் அவற்றை அலைகளுக்குள் எறிந்துவிட்டார்கள் என்பதும், திருநெல்வேலிச் சீமையில் திருமலை நாயக்கரின் பிரதிநிதியாக விளங்கிய வடமலையப்ப பிள்ளை கனவில் பெற்ற குறிப்பின்படி, எலுமிச்சம்பழம் மிதக்கும் இடத்தையும் அதற்கு மேலே கருடன் வட்டமிடுவதையும் அடையாளமாகக் கொண்டு, கடலில் ஆளிறக்கி 1653இல் அவற்றை மீட்டார் என்பதும் அக்கோயிலில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் சரித்திரம். இதைக் கேட்போர் கருடனையும் எலுமிச்சம்பழத்தையும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். இதனுள் கிடக்கும் ஓர் உபகதையை எளிதில் கடந்துவிடுகிறார்கள். மூலத் திருமேனி இனிக் கிடைக்காது என்று மனம் தளர்ந்த பிள்ளை, அதைப் போலவே வேறொரு பிரதிமையைப் பஞ்சலோகத்தில் வார்க்கச் செய்தாராம். அது திருச்செந்தூர் போய்ச் சேருமுன்பே கனவு வந்தது, கடல் தான் கொண்டதைத் திருப்பிக் கொடுத்தது. அப்படியானால் புதிதாக வார்த்த பிரதிமை என்ன ஆயிற்று? அதை உருக்கவில்லை, தேவை தீர்ந்த பொருள் என்று உக்கிராண அறையில் போட்டு வைக்கவும் இல்லை. பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் உள்ள திருப்பிறந்தீசுவரர் கோயிலில் அதை எழுந்தருளச் செய்து, நித்திய பூசைக்கு வழி செய்தார்கள். மேலைத் திருச்செந்தூர் என்ற பெயர் அந்தச் சந்நிதிக்கு அவ்வாறு வந்தது என்பர்.

இந்த உபகதையில் ஒரு தத்துவம் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நகல் என்பதற்காக அந்தப் பிரதிமை இழிவடையவில்லை. அதே சமயம் மூலத்தின் இடத்தை அது அபகரிக்கவும் இல்லை. அதற்கென்று ஓர் இடம், அதற்கென்று ஒரு விளக்கு, அந்த விளக்குக்கு எண்ணெய் விடவேண்டிய பொறுப்புடைய ஒரு மனிதர் என்று ஏற்பட்ட பிறகே அது நகல் என்ற நிலையைக் கடந்தது. இன்று திருமேனிகளுக்கும், கல்வெட்டுகளுக்கும், புதைகுழியிலிருந்து வெளிப்பட்ட பொருள்களுக்கும் மின்னணுப் பிரதிகள் பல்லாயிரக்கணக்கில் எடுக்கப்பட்டுவருகின்றன. ஒளிக்கற்றையை நாற்புறமும் ஓடவிட்டு முப்பரிமாண வடிவமாகப் பதிந்துகொள்கிறார்கள். உரிமை வழக்கு எழுகின்ற இடங்களிலெல்லாம், 'பொருள் எங்களிடமே இருக்கட்டும், அதன் துல்லியமான டிஜிட்டல் வடிவத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்' என்ற சமாதானம் நயமாக முன்வைக்கப்படுகிறது. வடமலையப்ப பிள்ளை வார்த்த பிரதிமைக்கும் இப்பிரதிகளுக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வியைத் தொழில்நுட்பம் அறிந்தவர்களிடம் மட்டும் விட்டுவிடலாகாது. பிம்பத்தில் தெய்வம் எவ்வாறு உறைகிறது, மாண்டவருக்கு உயிரோடிருப்பவர் எந்த வகையில் கடன்பட்டவர் என்ற பழைய கேள்விகளே புது வேஷம் பூண்டு வந்திருக்கின்றன.

இக்கேள்விக்கு அவசரமான இரண்டு விடைகள் உண்டு. இறைவன் தூணிலும் துரும்பிலும் இருப்பவன் ஆகையால் கைபேசித் திரையிலும் இருப்பான் என்று பக்தர் சிலர் சொல்கிறார்கள். சாந்நித்தியம் கல்லிலும் உலோகத்திலும் மந்திரபூர்வமாக ஏற்றப்படுவது ஆதலால் திரையில் தெரிவது வெறும் ஒளிப்புள்ளிகளின் கூட்டம், அதற்கு மரியாதையும் இல்லை அவமரியாதையும் இல்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். முதல் விடை தத்துவ அளவில் மறுக்க முடியாதது. ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற காரணத்தாலேயே எதையும் தீர்மானிக்க உதவாதது. இரண்டாவது விடை ஆகமத்தின் பக்கம் நிற்பதுபோல் தோன்றினாலும் ஆகமம் நடைமுறையில் செய்வதோடு ஒத்துவரவில்லை.

ஏனெனில், சித்திரத்தில் தெய்வம் குடியேறலாம் என்பதை நம் கோயில்கள் வெகு காலமாக ஒப்புக்கொண்டிருக்கின்றன. குடமுழுக்குக்கு முன் திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் என்று ஒரு கிரியை செய்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கருவறையில் உளி படவேண்டியிருப்பதால், மூலவரிடமுள்ள தெய்வகலையைக் கும்பத்து நீருக்கு ஈர்த்து, அங்கிருந்து அத்திப்பலகையில் தீட்டிய ஓர் உருவத்துக்கு மாற்றி, அப்பலகையைத் தற்காலிகமான சிறு சந்நிதியில் வைத்துப் பூசிக்கிறார்கள். அந்த மாதங்களில் ஊராருக்குச் சாமி என்பது அந்தப் பலகைதான். ஆக, இரு பரிமாணமேயுடைய ஒரு வர்ணப் படம் தெய்வத்தைத் தாங்க வல்லது என்பதில் சாஸ்திரத்துக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எத்தனை நிபந்தனைகள்! அந்த இடமாற்றத்துக்குக் காரணம் ஒன்று இருக்கவேண்டும். அது அறிவிக்கப்பட்டு முறைப்படி நிகழவேண்டும். பலகைக்குக் காலந்தவறாமல் நைவேத்தியமும் தீபமும் நடக்கவேண்டும். திருப்பணி முடிந்ததும் ஏற்றிய கலையை மூலவரிடமே திரும்பச் சேர்த்துவிடவேண்டும். திரும்பச் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்துத்தான் பலகைக்கு அந்தப் பதவியே வழங்கப்படுகிறது. பிரதி எதனால் ஆனது என்பதில் நம் முன்னோர் அவ்வளவாகக் கவலை கொள்ளவில்லை. அதை வைத்திருப்பவன் எதற்குக் கட்டுப்பட்டவன் என்பதில்தான் கண்ணாக இருந்தார்கள். டிஜிட்டல் பிரதியைப் பற்றி எனக்குள்ள குறையும் அதுவே. அது ஒளிப்புள்ளிகளால் ஆனது என்பதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அதை வைத்திருப்பவருக்கு எந்தக் கைங்கரியமும் விதிக்கப்படவில்லை என்பதே அதன் கோளாறு.

இதே கடற்கரையில் பரதவர்களின் அனுபவமும் இதற்குச் சாட்சி சொல்லும். திருச்செந்தூர்த் திருமேனிகளைப் பெயர்த்த அதே டச்சுக்காரர்கள் 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய பின்னர், தஸ்நேவிஸ் மாதா என்று மீனவர் அழைக்கும் பனிமய அன்னையின் சுரூபம் தன் ஆலயத்தைவிட்டு அகன்று இடம்விட்டு இடம் மாறி மறைந்திருக்க நேர்ந்தது. 1713இல் இன்றுள்ள ஆலயம் எழுந்த பிறகே அன்னைக்கு நிலையான வாசம் வாய்த்தது. அச்சுரூபமோ 1555இல் மணிலாவிலிருந்து கப்பலேறி வந்தது என்பர். போர்த்துக்கீசியர் ஆதிக்கத்தின் நிழலில் வந்திறங்கிய ஒன்று. பிறந்த ஊரைக் கொண்டு உரிமையைத் தீர்மானிப்பதானால் தூத்துக்குடிக்கு அதில் என்ன பாத்தியதை இருக்கிறது? ஆனால் கடலுக்குப் போகும் ஒவ்வொரு வீட்டாரும் அவளைத் தங்கள் தாய் என்கிறார்கள்; அவர்களிடம் போய் இது அந்நியச் சிற்பம் என்று வாதாடத் துணிகிறவரின் சாமர்த்தியத்தை நான் மெச்சமாட்டேன். ஒளித்துக் காத்தவர்களுக்கும், தேர் இழுத்தவர்களுக்கும், புயலில் பெயர் சொல்லி அழைத்தவர்களுக்கும் அந்தச் சுரூபம் உரியதாகிவிட்டது. அன்னையின் தங்கத்தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். முதன்முதலில் 1806இல் ஓடியது. அண்மையில் 2023இல் ஓடியது. இடையில் நெடிய இடைவெளிகள். காத்திருந்து காண்பதும் வழிபாட்டின் ஓர் அங்கம் என்பது சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் இங்கே பொதுவான பாடம்.

கோயிலில் திரை போடுவது சும்மா அன்று. அலங்காரத்தின்போது திரை, நைவேத்தியத்தின்போது திரை, இரவில் பள்ளியறை, நடை சாத்தல் என்று ஒரு நாளில் தெய்வம் காணப்படும் வேளையைப் போலவே காணப்படாத வேளைகளும் வகுக்கப்பட்டிருக்கின்றன. மூலவர் அசையாமல் உள்ளே இருப்பார், தேடி வரமுடியாதவர்களுக்காக உற்சவர் வீதிக்கு வருவார் என்ற பாகுபாடும் இதைச் சார்ந்ததே. காட்சி என்பது தெய்வம் தருவது. பார்ப்பவன் எடுத்துக்கொள்வது அன்று. கைபேசிக் காமிரா இந்த ஒழுங்கைத்தான் முதலில் கலைத்தது. திருச்செந்தூரில் பக்தர்கள் விக்கிரகங்களையும் அபிஷேகத்தையும் படம் பிடித்துப் பரப்புவதைத் தடுக்கவேண்டுமென்று அக்கோயிலின் அர்ச்சகர் ஒருவரே வழக்குத் தொடுத்ததும், 2022இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அங்கே கைபேசிக்குத் தடை விதித்து, பின்னர் அதைத் தமிழ்நாட்டுக் கோயில்கள் அனைத்துக்கும் விரிவாக்கியதும் பலருக்கு நினைவிருக்கும். அதே திருச்செந்தூரில் 2025 ஜூலையில் நடந்த குடமுழுக்கைத் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் நேரலையாகக் கண்டு கைகூப்பியவர் லட்சக்கணக்கானோர். இதில் முரண்பாடு ஏதும் இல்லை. கோபுர கலசத்துக்கு நீர் சொரிவது வீதியில் நிற்பவனுக்கும் உரிய காட்சி, கருவறை அபிஷேகம் அப்படிப்பட்டது அன்று. எது உற்சவருடைய தன்மை உடையது, எது மூலவருடைய தன்மை உடையது என்று பகுத்தறிய நம்மவருக்கு இன்னும் தெரியும். கைபேசித் திரைக்கு இந்தப் பகுப்பு தெரியாது. காயல்பட்டினத்து முஸ்லிம் பெரியவர் எவரையேனும் கேட்டால், உருவம் என்பதையே ஐயத்தோடு பார்க்கும் தம் மரபின் நியாயத்தை இந்த இடத்தில் நினைவூட்டுவார். இன்று உருவங்கள் பெருகிக் கிடக்கும் கிடப்பில் அந்த நியாயம் முன்னைவிடக் கனமுள்ளதாகத் தெரிகிறது.

சட்டத்தின் பக்கமும் கொஞ்சம் திரும்பவேண்டியிருக்கிறது. விக்கிரகம் என்பது விற்கவும் வாங்கவும் கூடிய வெறும் சடப்பொருள் அன்று, அது எங்கே இருக்கவேண்டும் என்பதில் அதற்கென ஒரு சித்தம் உண்டு, காப்பாளர் மூலம் அதைக் கேட்டறிய வேண்டும் என்று 1925இல் லண்டன் பிரிவி கவுன்சில் கல்கத்தாக் குடும்பம் ஒன்றின் வழக்கில் கருத்துரைத்தது. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்டு லண்டன் வரை போய்விட்ட நடராசர், தம் கோயிலின் பெயரால் அங்கேயே வழக்காடி வென்று 1991இல் தாயகம் திரும்பினார். தெய்வம் சட்டத்தின் முன் ஒரு நபர் என்றால், அந்நபரின் உருவத்தை நுணுக்கமாக அளந்தெடுத்த கோப்பு யாருடையது? அளந்தவருடையதா, காமிரா வாங்கிக் கொடுத்த நிறுவனத்தினுடையதா, அளக்கப்பட்டவருடையதா? மேல்நாட்டில் இந்த வழக்கு வேறு வடிவில் எழுந்தது. எகிப்தின் அமர்னாவில் 1912இல் கண்டெடுக்கப்பட்டு ஜெர்மனிக்குப் போன நெபர்த்தீத்தி அரசியின் சிலையை எகிப்து நெடுங்காலமாகக் கேட்டுவருகிறது. 2015இல் இரண்டு கலைஞர்கள், பெர்லின் அருங்காட்சியகத்தில் ரகசியமாக அளந்தெடுத்ததாகச் சொல்லி, அச்சிலையின் முப்பரிமாண வடிவத்தை உலகத்தார் அனைவருக்கும் இணையத்தில் இலவசமாக வழங்கினார்கள். அவ்வளவு துல்லியம் அவர்கள் சொன்ன கருவிக்குக் கைவராது, அருங்காட்சியகத்தின் சொந்தப் பதிவே எவ்விதமோ வெளியே கசிந்திருக்கவேண்டும் என்று வல்லுநர்கள் ஐயுற்றார்கள். எப்படியாயினும் கெய்ரோவுக்குக் கிடைத்தது பிரதி. அரசி பெர்லினிலேயே இருக்கிறாள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் வாதத்துக்கு இடையூறாக நிற்கும் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தாமிரபரணிக் கரையில் கல்லிடைக்குறிச்சிக் குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982இல் களவுபோன நடராசர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தில் இருப்பது தெரியவந்து, 2019இல் திரும்பக் கிடைத்தார். அவர்தாம் இவர் என்று அடையாளம் காட்டியது, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கோயில்களில் ஊர் ஊராகச் சென்று எடுத்துச் சேமித்த லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்களில், களவுக்கு நெடுநாள் முன்பே எடுத்த ஒரு படம். ஸ்ரீபுரந்தான் நடராசரை ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கிய கான்பெராக் கலைக்கூடம் 2014இல் அவரைத் திருப்பிக் கொடுத்ததற்கும் அதே சேமிப்பிலுள்ள படங்கள் துணைநின்றன. அப்படங்களை எடுத்தவர்கள் பூசகர்கள் அல்லர். கலைவரலாறு எழுத வந்தவர்கள். கருவி ஏந்தி நின்ற அவர்களை அன்றைக்கு எந்தக் கோயிலில் எந்த முதியவர் முறைத்துப் பார்த்தாரோ! இன்றைய நம் கண்ணோட்டத்தில் அவர்களையும் திரையை விலக்கியவர்கள் என்று கணக்கிட்டுத் தடுத்திருந்தால், இரண்டு நடராசர்களும் அந்நிய நாட்டுக் கண்ணாடிப் பேழைகளிலேயே இருந்திருப்பார்கள்.

ஆகவே பிரதி எடுப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. புதுச்சேரிப் படங்கள் செய்த காரியத்தை உற்று நோக்கினால் ஒன்று புலப்படும்: அவை தெய்வத்துக்குப் பதிலாக நிற்கவில்லை, தெய்வத்துக்காகச் சாட்சி சொல்லின. எந்தக் கோயில், எந்தச் சந்நிதி, எந்த நாள் என்ற குறிப்போடு அவை அடுக்கப்பட்டிருந்ததால்தான் அந்தச் சாட்சியம் செல்லுபடியாயிற்று. பாலாலயப் பலகையைப் போலவே, மூலத்தைத் தன் இருப்பிடத்துக்குத் திரும்பக் கொண்டுசேர்ப்பதில் அவற்றின் பணி நிறைவுற்றது. அதற்குப் பின் நேர்வது வேறு துயரம். மீண்டுவந்த திருமேனிகள் பலவும் பாதுகாப்பைக் கருதித் திருவாரூர் போன்ற இடங்களிலுள்ள மையங்களில் பூட்டிய கதவுக்குப் பின்னே நிற்கின்றன. அடிலெய்டின் கண்ணாடிப் பேழையைவிட நமது இரும்புக் கதவு எவ்வளவு மேலானது என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

தெய்வங்களுக்காவது வழக்காட ஆட்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்திலேயே, தாமிரபரணியின் தென்கரையில், ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் தாழிகளுக்குள் கிடந்தவர்களின் நிலை இதைக்காட்டிலும் சிக்கலானது. 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டியெடுத்த பொருள்கள் பெர்லினுக்குப் போயின. 1899 முதல் சில ஆண்டுகள் தொல்பொருள் துறையின் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன; அவற்றின் பட்டியலை 1915இல் நூலாக வெளியிட்டார்கள். 2004இலும் 2005இலும் மத்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. அதன் அறிக்கை வெளிவருவதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டார்கள், நீதிமன்றம்வரை விஷயம் போயிற்று. ரீ கண்டெடுத்தவற்றுள் பொற்பட்டங்கள் சில உண்டு. காகிதம்போல் மெல்லியதாகத் தட்டிய தங்கத் தகடு. நடுவில் அகன்று நீள்வட்டமாகவும் இருபுறமும் ஒடுங்கியும் இருக்கும். முனைகளில் நூல் கோக்கத் துளை. மேற்பரப்பில் உள்ளிருந்து குத்தி எழுப்பிய புள்ளிக் கோலம். இறந்தவரின் நெற்றியில் கட்டி வழியனுப்பியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார்கள். பெரிய படமாகத் திரையில் விரித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு புள்ளியின் விளிம்பும் தெளிவாகத் தெரிகிறது. யாரோ ஒருவர், தம் வீட்டில் ஒருவர் இறந்துபோன நாளில், பொறுமையாக உட்கார்ந்து குத்திய புள்ளிகள் அவை. வேறு எவரும் பார்க்கவேண்டும் என்பதற்காகக் குத்தியவை அல்ல, மண்ணுக்குள் போவதற்காகவே குத்தியவை.

இப்பொருள்களைச் சுற்றி இன்று எழும் ஆரவாரத்தை நாடு அறியும். 2020ஆம் ஆண்டின் மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் அருங்காட்சியகம் அமைக்கத் தேர்ந்த ஐந்து தொல்லிடங்களுள் ஆதிச்சநல்லூரும் ஒன்று. 2023இல் அங்கே அகழ்ந்த குழிகளின்மேல் கண்ணாடித் தளம் பாவி, தாழிகளைக் கிடந்த நிலையிலேயே மேலிருந்து பார்க்க வகைசெய்தார்கள். அருகிலுள்ள சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. நான்காம் ஆயிரமாண்டைத் தொடுகிறது என்று 2025 ஜனவரியில் மாநில அரசு அறிவித்தது. கீழடி அகழாய்வு அறிக்கையைத் திருத்தித் தரும்படி அதே ஆண்டில் மத்தியத் துறை திருப்பி அனுப்பியபோது எழுந்த சினம் இன்னும் ஆறவில்லை. தமிழரின் தொன்மையைப் பேசுவோரும், அதைப் பாரதத்தின் பொதுத் தொன்மைக்குள் அடக்கிப் பேசுவோரும், தத்தம் கட்சிக்குச் சாட்சியாக அந்தத் தாழிகளை அழைக்கிறார்கள். இப்பொருள்களின் பழமையில் எனக்கும் பெருமிதம் உண்டு. இவற்றை ஆராயாமல் போட்டுவைத்த அலட்சியத்தின்மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனாலும் அந்தக் கண்ணாடித் தளத்தின்மேல் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். குனிந்து கைபேசியில் படமெடுப்பவர்களுக்கு நடுவே, மூதாட்டி ஒருத்தி தளத்தில் ஏறாமல் ஓரமாக ஒதுங்கி நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரு கட்சியாரின் வாதங்களைவிட அந்தத் தயக்கம் எனக்கு அர்த்தமுள்ளதாகப் பட்டது.

எலும்புகளின் விஷயம் பொற்பட்டத்தின் விஷயத்தைவிடக் கூர்மையானது. ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளை இங்கிலாந்தின் சக்கர்மன் என்ற உடற்கூற்றறிஞர் அளந்து, 1930இல் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் எழுதினார். மண்டையின் நீள அகலத்தைக் கொண்டு மனிதரை இனங்களாகப் பிரித்துவிடலாம் என்று விஞ்ஞானம் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கை செத்துப்போய் வெகு நாளாயிற்று என்று நினைத்திருந்தோம். 2025இல், கீழடிக்கு அருகே கொந்தகையின் ஈமத்தாழிகளிலிருந்து கிடைத்த இரண்டு ஆடவரின் மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் லிவர்பூல் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் முகமீட்பு ஆய்வகத்தாரும் சேர்ந்து, கணினியின் துணையால் அவர்களுடைய முகங்களைச் சமைத்துக் காட்டினார்கள். எலும்பிலிருந்து தாடையின் அமைப்பையும் கண்குழியின் ஆழத்தையும் பெறலாம்; தோலின் நிறத்தையும் கூந்தலின் சுருளையும் எலும்பு சொல்லாது. அவற்றைத் தென்னாட்டில் இன்று வாழ்வோரைக் கொண்டு நிரப்பினார்கள். ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. ஆனால் படம் வெளியான சில நாழிகைக்குள், இவர் யாரைப் போல இருக்கிறார், எந்தப் பக்கத்து மனிதர், இந்த மூக்கு எங்கிருந்து வந்தது என்ற பூசல் நாடெங்கும் கிளம்பிவிட்டது. நாம் எதைக் கொண்டு நிரப்பினோமோ அதையே அந்த முகத்தில் கண்டுபிடித்து, நமக்கு நாமே வாழ்த்துச் சொல்லிக்கொண்டோம்.

உருவம் கொடுப்பது என்பது நம் மரபில் ஆவாகனத்தோடு சேர்ந்த செயல். மஞ்சளைப் பிடித்து வைத்தாலும், களிமண்ணைக் குழைத்தாலும், சிரார்த்தத்தில் தருப்பையை முடிந்து பிதிர்களை வருவித்தாலும், அழைத்தவன் உபசரிக்கவேண்டும். உபசரித்த பின் போய்வருக என்று விடைகொடுக்கவேண்டும். களிமண் விநாயகரைக் கரைக்காமல் மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருந்தால் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். கொந்தகை மனிதரை அழைத்தவர்கள் நாம். அவருக்கு இனி விடை கொடுப்பது யார்? இணையத்தில் ஏறிய முகம் இறங்குவதில்லை. அது விளம்பரத்துக்கும் வரும், வசைக்கும் வரும், தேர்தல் சுவரொட்டிக்கும் வரும்.

ஆடி அமாவாசையன்று திருச்செந்தூர்க் கடலில் நின்று எள்ளும் நீரும் இறைப்பவர்கள் மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லிய பிறகு, நீர் வார்க்க ஆளற்றுப்போனவர்களுக்கும் சேர்த்து ஒரு கை இறைக்கும் வழக்கம் உண்டு. அந்த ஒரு கை நீர் ஆதிச்சநல்லூராரையும் எட்டக்கூடும் என்று நம்பத்தான் மனம் விழைகிறது. ஆனால் அவர்கள் எள்ளை ஏற்பவர்களா, எந்தத் தெய்வத்தைத் தொழுதவர்கள், இறந்தபின் எங்கே போவதாக நினைத்தார்கள் என்று ஒருவரும் அறியோம். நம் சடங்கை அவர்கள்மேல் சாற்றுவதும் ஒருவகை உரிமை கோரலே. முன்னோர் என்று நாம் கொண்டாடுகிறவர்கள் நம்மைச் சந்ததி என்று ஒப்பியிருப்பார்களா என்ற கேள்விக்கு மண்ணில் விடை கிடையாது. அந்த நிச்சயமின்மையோடேயே அவர்களுக்கு மரியாதை செய்யக் கற்கவேண்டியிருக்கிறது. அரசியல் மேடைக்கு அது வசதிப்படாது, ஆனால் அப்பொருள்களைப் பட்டியலிடுகிற ஒருவருக்கு அது சாத்தியம்.

பெர்லினிலும், எழும்பூரிலும், ஆதிச்சநல்லூரிலும் சிதறிக் கிடப்பவற்றை ஒரே திரையில் ஒன்றுசேர்த்துக் காட்டும் முயற்சியை எவரேனும் மேற்கொள்வாரானால், அதை நான் வரவேற்பேன். பிரிந்த பொருள்கள் படமாகவாவது கூடட்டும். ஆனால் ஒவ்வொரு பொருளின் படத்தோடும், அது எந்தக் குழியில், எந்தத் தாழிக்குள், எவற்றோடு சேர்ந்து கிடந்தது, எவர் எந்த ஆண்டில் எடுத்தார், யாரைக் கேட்டு எடுத்துச் சென்றார், இன்று அதைக் கேட்பவர் யார், கொடுக்க மறுப்பவர் யார், அதன் காலத்தைப் பற்றி ஒன்றோடொன்று ஒவ்வாத கணிப்புகள் எவை என்பனவெல்லாம் படத்தைவிடச் சிறிய எழுத்தில் அல்லாமல் அதே அளவில் நிற்கவேண்டும். வழக்கைத் துடைத்துவிட்டுப் பொருளின் அழகை மட்டும் சுழற்றிக் காட்டுவது, களவுபோன நடராசரைக் கருப்புத் துணியின் முன் நிறுத்திக் கீழே நூற்றாண்டை மட்டும் எழுதிவைத்த கலைக்கூடத்தின் காரியமேயன்றி வேறில்லை. எலும்புகளின் பதிவுகளை ஆய்வாளர் கேட்டுப் பெறட்டும். சுழற்றி விளையாடுவதற்குப் பொதுவில் வைக்கவேண்டாம். தாழியைத் திறந்து காட்டும் படம் ஒன்றுக்கு மூடிய தாழியின் படம் ஒன்றாவது முதலில் வரட்டும். பெர்லினில் உள்ளவற்றின் பிரதி வந்து சேர்ந்துவிட்டது என்ற காரணம் காட்டி அசலுக்கான கோரிக்கையை எந்த அரசும் கைவிடலாகாது என்பதை, அம்முயற்சியின் ஒப்பந்தத்திலேயே முதல் ஷரத்தாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.